தோட்ட அலுவலகப் பதிவுகளைச் சர்வருக்கு அனுப்பும் போஸ்ட் கட்டளை: முதல் படியிலிருந்து முழு வழிகாட்டி

மலேசியாவின் குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் இப்போது பெரட்டுப் புத்தகம் (காலை வருகைப் பதிவு) மட்டும் போதாது. தண்டல் (மேற்பார்வையாளர்) காலையில் பெயர் கூப்பிட்டுக் குறித்ததைக் கிராணி (அலுவலக எழுத்தர்) எக்செலில் ஏற்ற வேண்டும், அதைத் தலைமை அலுவலகத்தின் அப்ளிகேஷன் சர்வர் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கடைசி வேலைக்கு ஒரு நிரல் எழுதித் தரச் சொல்லி, டிப்ளோமா முடித்துவிட்டு வந்த பிள்ளைகளிடம் கொடுப்பார்கள். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

தரவைச் சர்வருக்கு அனுப்பும் போஸ்ட் கட்டளை என்னவோ ஒரே வரிதான். எல்லாரும் அதிலேயே ஆரம்பிக்கிறார்கள், அதுதான் தொல்லை. இங்கே அந்த வரி ஆறாவது படியில்தான் வரும். முதல் ஐந்தையும் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதை அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

1. உட்காரும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

சர்வரைப் பார்த்துக்கொள்பவர்களிடம் முதலில் ஏபிஐ ஆவணம் (சர்வரோடு நிரல் எப்படிப் பேச வேண்டும் என்ற குறிப்பு) கேளுங்கள். முகவரி, எந்த முறை (புதிதாகப் பதிவு போடும் போஸ்ட்டா, சொன்ன முகவரியில் வைக்கும் புட்டா), புலங்களின் பெயர், எது கட்டாயம், எது எண், எது எழுத்து, தப்பு வந்தால் பதில் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆவணம் இல்லை, "பழைய நிரலைப் பார்த்து எழுதிக்கோ" என்றால், சரியாகப் போன ஒரு கோரிக்கையின் மாதிரியையும் மறுக்கப்பட்ட ஒன்றின் மாதிரியையும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது மாதிரியை யாரும் கேட்பதில்லை. ஆனால் அதில்தான் அதிகம் தெரியும்.

அடுத்து, சோதனைக்கென்று தனி முகவரியும் அதற்கென்று தனி டோக்கனும் (நீங்கள் யார் என்று சர்வருக்குக் காட்டும் இரகசியச் சரம்). "நேரா லைவ்ல போடு, பிறகு அழிச்சுக்கலாம்" என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். சம்பளக் கணக்கோடு சேர்ந்த பதிவு, போட்டபின் அழிப்பது உங்கள் கையில் இருக்காது.

மூன்றாவது, நிஜ ஆட்களின் விவரத்தை வைத்துச் சோதிக்கக் கூடாது. அடையாள அட்டை எண், அந்நியத் தொழிலாளர்களின் கடப்பிதழ் எண் எல்லாம் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. போலி எண் வேண்டுமா, பிப்ரவரி 30 பிறந்ததாக ஒரு எண் எழுதுங்கள். அப்படி ஒரு தேதி கிடையாது, அதனால் அது யாருடைய எண்ணாகவும் இருக்க முடியாது. சர்வர் தேதியையும் சரிபார்த்து அதை மறுத்தால், சோதனைக்கான எண்ணை அவர்களையே கொடுக்கச் சொல்லுங்கள்.

2. ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாளம் கட்டுங்கள்

இதைத்தான் எல்லாரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். முதலில் செய்ய வேண்டியது இது.

தோட்டத்து இணைய இணைப்பு அறுந்து அறுந்துதான் வரும். பிற்பகல் இடி மழை வந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் ஒரே பதிவை இரண்டாம் முறை அனுப்பும் நிலை நிச்சயம் வரும். அப்போது "இது புதுசு இல்லை, முன்னே வந்ததுதான்" என்று சர்வருக்குத் தெரிய வழி இருக்க வேண்டும். அந்த வழிதான் இந்த அடையாளம்.

எதை வைத்துக் கட்டுவது? ஊழியர் எண்ணும் தேதியும் போதும் என்றுதான் முதலில் தோன்றும். போதாது. காலையில் குலை வெட்டியவர் மதியத்துக்கு மேல் உதிரிப் பழம் பொறுக்கப் போயிருப்பார், ஒரே நாளில் ஒரே ஆளுக்கு இரண்டு வரி. இரண்டும் ஒரே அடையாளத்தோடு போனால் பின்னே போனது முன்னே போனதை அழித்துவிடும், அவருக்கு அரை நாள் கூலி காணாமல் போகும். ஆகவே தோட்டக் குறி, ஊழியர் எண், வேலை நாள், வேலைக் குறி, இந்த நான்கையும் சேர்த்துக் கட்டுங்கள். ஒரே வேலையை ஒரே நாளில் இரண்டு பிளாக்கில் தனித்தனி வரியாகப் போடும் தோட்டமாக இருந்தால் பிளாக் எண்ணும் உள்ளே வர வேண்டும். இதைக் கிராணியிடம் கேட்டால் உடனே சொல்லிவிடுவார். திரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தால் பிடிபடாது.

அடையாள அட்டை எண்ணை இதில் சேர்க்காதீர்கள். இந்த அடையாளம் சர்வரின் பதிவேடு, பிழைக் கோப்பு என்று எங்கெங்கோ போய் உட்காரும். தனிப்பட்ட எண் அங்கெல்லாம் பரவத் தேவையில்லை.

ஒருமுறை உருவாக்கிய அடையாளத்தை வரியோடு சேமித்து வையுங்கள். அனுப்பும் நேரத்தில் உருவாக்காதீர்கள். காரணத்தை எட்டாம் படியில் சொல்கிறேன்.

3. எக்செலிலிருந்து எடுக்கும்போது

கோப்பைத் திறந்து மூடும்போதே எக்செல் சில வேலைகளைச் செய்துவிடும்.

அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கம். முதல் ஆறும் பிறந்த தேதி, ஆண்டு முதலில் வரும். 2003-இல் பிறந்தவருடைய எண் 03 என்று தொடங்கும். அதை எண்ணாக எடுத்துக்கொண்டால் முன்னால் இருக்கும் சுழியம் போய் 11 இலக்கமாகிவிடும். இதனால்தான் இந்தப் பிழை பழைய ஆட்களிடம் வருவதில்லை, 2000-க்குப் பிறகு பிறந்து இப்போது வேலைக்குச் சேர்ந்த இளசுகளின் வரியில் மட்டும் வரும், பார்ப்பவர் குழம்பிப் போவார். 1980-களில் பிறந்தவருக்கு வேறு பிரச்சினை: 12 இலக்கம் முழுதாக இருப்பதால் எக்செல் அதை அறிவியல் குறியீட்டில், 10-இன் அடுக்கு 11 என்ற பாணியில் காட்டும். அப்படியே சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த சாதா எழுத்துக் கோப்பாக) சேமித்தால் பின்பாதி இலக்கங்கள் போயே போய்விடும். அந்தப் பத்தியை எழுத்து வகைக்கு மாற்றிவிட்டுத்தான் எண்ணைத் தட்டச் சொல்ல வேண்டும். தட்டிய பிறகு மாற்றினால் போன சுழியம் திரும்பாது.

தமிழ்ப் பெயர்கள் இருந்தால், சேமிக்கும்போது யுடிஎஃப்-8 சிஎஸ்வி என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதா சிஎஸ்வியில் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப எடுக்கவும் முடியாது. ஆனால் யுடிஎஃப்-8 சிஎஸ்வியின் தலையில் எக்செல் மூன்று பைட் ஒட்டிவிடும், கண்ணுக்குத் தெரியாது. அதை நீக்காமல் படித்தால் முதல் பத்தியின் பெயர் மட்டும் "கிடைக்கவில்லை" என்று நிரல் அடம் பிடிக்கும். பைத்தானில் கோப்பைத் திறக்கும்போது யுடிஎஃப்-8-சிக் என்ற குறியாக்கத்தைக் கொடுத்தால் அது தானாகவே நீங்கும்.

4. உடலை எழுதுதல்

கோரிக்கையின் உடல், அதாவது அனுப்பும் தரவு, பெரும்பாலும் ஜேசானாக (புலப் பெயரும் மதிப்பும் ஜோடி ஜோடியாக எழுதும் வடிவம்) இருக்கும். நிஜ ஆவணத்தில் புலப் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் வரும், வந்தபடியே, எழுத்து மாறாமல் எழுதுங்கள். இங்கே படிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன், ஜேசானுக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

{
"பதிவு_எண்": "வ2-1047-20250201-குலை",
"தோட்டக்_குறி": "வ2",
"ஊழியர்_எண்": "1047",
"அடையாள_அட்டை": "030230010000",
"பெயர்": "சோதனை ஏ/எல் மாதிரி",
"வேலை_நாள்": "2025-02-01",
"பெரட்டு_நேரம்": "2025-02-01 06:00:00+08:00",
"குலை": 96
}

கடைசிப் புலத்துக்குப் பின் காற்புள்ளி இல்லை. வைத்தால் ஜேசான் ஏற்காது. மேற்கோள் குறியும் நேர்க் குறியாக இருக்க வேண்டும். மாதிரியை வேர்டில் ஒட்டி, அதிலிருந்து எடுத்துப் போடுவார்கள், வேர்டு அதை வளைத்து வைத்திருக்கும், கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், சர்வர் மட்டும் 400 (கோரிக்கை தவறு) என்று சொல்லும். உடலை எப்போதும் சாதா எழுத்துத் தொகுப்பானில் எழுதுங்கள். நிரலுக்குள் என்றால் சரத்தை ஒட்டி ஒட்டி ஜேசான் செய்யாதீர்கள், அதற்கென்று இருக்கும் நூலகத்திடம் விட்டுவிடுங்கள்.

ஊழியர் எண்ணும் அடையாள அட்டை எண்ணும் மேற்கோளுக்குள் இருப்பதைக் கவனியுங்கள். கூட்டிக் கழிக்காத எந்த எண்ணும் எழுத்துதான். குலை எண்ணிக்கையைக் கூட்டப் போகிறோம், அதனால் அதற்கு மேற்கோள் இல்லை.

தேதிக்குக் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். மலேசிய நேரம் உலக நேரத்துக்கு 8 மணி முன்னால். காலை 6 மணிப் பெரட்டு, உலக நேரத்தில் முந்தின நாள் இரவு 10 மணி. நீங்கள் நேரத்தை உலக நேரத்துக்கு மாற்றி அனுப்பி, அந்தப் பக்கம் அதிலிருந்து தேதியை மட்டும் வெட்டி எடுத்தால், ஒவ்வொருவரின் வேலை நாளும் ஒரு நாள் பின்னுக்குப் போகும். மாத நடுவில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒன்றாம் தேதி வேலை போன மாதத்தில் போய் விழும்போதுதான் சத்தம் வரும். 2025 பிப்ரவரி 1 நல்ல உதாரணம்: குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளிக்கு ஏறிய முதல் நாள் அது. அன்றைய பெரட்டு ஜனவரி 31 என்று பதிவானால் பழைய விகிதத்தில் கணக்குப் போடப்பட்டுவிடும்.

அதனால் வேலை நாளைத் தனிப் புலமாக, வெறும் தேதியாக அனுப்புங்கள். அதற்கு நேர மண்டலம் கிடையாது, அதை யாரும் மாற்றக் கூடாது. பெரட்டு நேரத்தை அனுப்புவதானால் +08:00 என்ற பின்னொட்டோடு அனுப்புங்கள். சில சர்வர்கள் தேதிக்கும் நேரத்துக்கும் நடுவில் இடைவெளியை ஏற்காமல் டி என்ற ஆங்கில எழுத்தைக் கேட்கும், ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூலியை அனுப்பாதீர்கள் என்பது என் கட்சி. எண்ணிக்கையை அனுப்பினால் போதும், விகிதம் சர்வரில் இருக்கட்டும், இரண்டு இடத்தில் கணக்குப் போட்டால் இரண்டு விடை வரும். அனுப்பியே தீர வேண்டும் என்றால் வெள்ளியைத் தசமமாக எழுதாமல் மொத்தத்தையும் சென்னாக, முழு எண்ணாக எழுதுங்கள். 72 வெள்ளி 50 சென் என்றால் 7250.

5. முகவரியும் ஹெடர்களும்

முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்குகிறதா பாருங்கள். கடைசி எஸ் விட்டுப்போனால் பல சர்வர்கள் 301 அல்லது 302 கொடுத்துச் சரியான முகவரிக்குத் திருப்பிவிடும். திருப்பத்தைப் பின்தொடரும்போது பெரும்பாலான கருவிகள் போஸ்ட்டைக் கெட் (தகவலைக் கேட்டு வாங்கும் முறை) ஆக்கிவிடும், உடல் வழியிலேயே விழுந்துவிடும், அந்தப் பக்கம் ஏதோ ஒரு பட்டியலைக் காட்டி 200 என்று சொல்லும். நிரல் "வெற்றி" என்று எழுதிக்கொள்ளும், சர்வரில் ஒரு வரிகூட ஏறியிருக்காது. டோக்கன் வேறு முதல் கோரிக்கையில் மறைப்பில்லாமல் போயிருக்கும். 307, 308 என்றால் போஸ்ட் போஸ்ட்டாகவே இருக்கும், ஆனாலும் திருப்பத்தை நம்பாமல் முகவரியைத் திருத்துவதே சரி.

நம் ஊர்ப் பெயர்களுக்கே உரிய வம்பு ஒன்று உண்டு. மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி என்பதில் சாய்கோடு இருக்கிறது. பெயரையோ பெயர் கலந்த அடையாளத்தையோ முகவரியின் பாதைக்குள் வைத்தால் சர்வர் அந்தச் சாய்கோட்டில் பாதையை இரண்டாக வெட்டிக்கொண்டு 404 (அப்படி ஒன்று இல்லை) சொல்லும். சதவீதக் குறியாக்கம் செய்து அனுப்பலாம்தான், ஆனால் நடுவில் இருக்கும் சில சர்வர்கள் அதையும் அவிழ்த்தோ மறுத்தோ விடும். பெயரை உடலுக்குள் மட்டும் வையுங்கள், தொல்லை விட்டது. அதே காரணத்துக்காக அடையாளம் முகவரியில் போவதாக இருந்தால் அதில் எண்ணும் ஆங்கில எழுத்தும் கோடும் மட்டும் இருக்கட்டும்.

கோரிக்கையோடு போகும் குறிப்பு வரிகளான ஹெடர்களில் மூன்று முக்கியம். உடல் ஜேசான் என்று சொல்லும் கன்டென்ட்-டைப், இது விட்டுப்போனால் 415 (இந்த வகை உடலை ஏற்க மாட்டேன்) வரும், அல்லது சர்வர் உடலையே பார்க்காமல் "கட்டாயப் புலம் இல்லை" என்று சொல்லும். நீங்கள் யார் என்று சொல்லும் ஆத்தரைசேஷன், அதில் பேரர் என்ற சொல், ஓர் இடைவெளி, டோக்கன். மூன்றாவது, சர்வர் ஏற்றுக்கொள்ளுமானால், மறுபடி வந்தாலும் ஒரே பதிவாக எண்ணச் சொல்லும் ஐடெம்பொடென்சி-கீ, அதில் இரண்டாம் படியில் கட்டிய அடையாளம் போகும். ஹெடரில் தமிழ் எழுத்து வைக்காதீர்கள், அது உடலுக்கு மட்டும்தான். நான்காம் படி மாதிரியில் படிக்க வசதியாகத் தமிழில் எழுதிய அடையாளத்தையும் நிஜத்தில் ஆங்கில எழுத்திலேயே கட்டுங்கள்.

உடலின் நீளத்தைச் சொல்லும் ஹெடரை நீங்கள் எழுதாதீர்கள், கருவியே எழுதிக்கொள்ளும். அது பைட் கணக்கு, எழுத்துக் கணக்கல்ல. "குலை" கண்ணுக்கு இரண்டு எழுத்து, யுடிஎஃப்-8-இல் 12 பைட். எழுத்தை எண்ணிப் போட்டால் உடல் பாதியில் அறுந்துபோய்ச் சேரும்.

டோக்கனை முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் ஒட்டுவதும் கூடாது. முகவரிகள் வழியெல்லாம் பதிவாகும்.

6. ஒரே ஒரு வரியை அனுப்பிப் பாருங்கள்

இப்போதுதான் கட்டளை. நிரல் எழுதும் முன், கட்டளை வரியிலிருந்தே கோரிக்கை அனுப்பும் கர்ல் கருவியால் சோதனை முகவரிக்கு ஒரே ஒரு பதிவை அனுப்புங்கள். கர்லில் வேலை செய்து நிரலில் செய்யாவிட்டால் பிழை நிரலில், கர்லிலேயே நின்றால் பிழை முகவரியிலோ டோக்கனிலோ உடலிலோ. இந்தப் பிரிப்பு கையில் இல்லாதவர்கள் நாள் முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றித் தோண்டிக்கொண்டிருப்பார்கள்.

விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்தே கர்ல் கூடவே வருகிறது. ஆனால் கூடவே வரும் பழைய பவர்ஷெல்லில் கர்ல் என்று தட்டினால் வேறொரு கட்டளை ஓடும், அதற்கு விருப்பங்கள் வேறு. கர்ல் என்ற பெயருக்குப் பின் புள்ளியும் எக்ஸி என்ற நீட்சியும் சேர்த்துத் தட்டினால் நிஜக் கர்ல் வரும்.

உடலைக் கட்டளை வரியில் எழுதாமல் ஒரு கோப்பில் வைத்து, கோப்பின் பெயருக்கு முன் @ குறி போட்டுக் கொடுங்கள். விண்டோஸின் கட்டளைச் சாளரத்துக்கு ஒற்றை மேற்கோள் புரியாது. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் பாதிக்கு மேல் ஒற்றை மேற்கோளில்தான் இருக்கும், அதை அப்படியே ஒட்டி அவதிப்படுவதைவிடக் கோப்பே மேல்.

எந்த விருப்பத்தால் கொடுப்பது என்பதும் உண்டு. வெறும் டேட்டா விருப்பத்தில் கொடுத்தால், முறை தானாகவே போஸ்ட் ஆகும், ஆனால் கன்டென்ட்-டைப் இணையப் படிவ வகையாகப் போகும், ஜேசான் என்று போகாது. 7.82 பதிப்பு முதல் ஜேசான் என்றே ஒரு விருப்பம் இருக்கிறது, அது கன்டென்ட்-டைப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். பழைய பதிப்பென்றால் ஹெடரைக் கையால் எழுதுங்கள். டோக்கன் ஹெடரையும் ஒரு கோப்பில் வைத்து @ போட்டே கொடுக்கலாம், கட்டளை வரலாற்றில் டோக்கன் தங்காது. அலுவலகக் கணினியில் நான்கு பேர் உட்காருவார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பதில் ஹெடர்களையும் காட்டும் விருப்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபெயில் விருப்பம் கொடுக்காவிட்டால் சர்வர் 400 சொன்னாலும் கர்ல் தன் வேலை முடிந்ததென்று 0 என்ற வெளியேற்ற எண்ணோடு போய்விடும். அதை வைத்துத் தொகுப்புக் கோப்பு எழுதியவர்கள் பலர் மாதக் கடைசியில் முழித்திருக்கிறார்கள்.

சான்றிதழ் பிழை வந்தால், அதைக் கண்டுகொள்ளாமல் விடும் விருப்பத்தைப் போடாதீர்கள். முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். தாய்ப்பலகை மின்கலம் தீர்ந்த பழைய கணினி, மின்சாரம் போய் வந்ததும் பல வருடம் பின்னால் போய் நிற்கும். அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

7. பதிலைப் படிப்பது

200 கண்டதும் எழுந்து போய்விடுவது பெரிய பழக்கக் கேடு. 200-க்குள் "தோல்வி" என்று எழுதி அனுப்பும் சர்வர்கள் நிறைய உண்டு. பதிலின் உடலைப் படித்து, நீங்கள் அனுப்பிய அடையாளம் அதில் திரும்பி வந்திருக்கிறதா என்று நிரலே பார்க்க வேண்டும். 201 என்றால் புதிதாக உருவாகிவிட்டது. 202 என்றால் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது, இன்னும் முடிக்கவில்லை, பிறகு போய்க் கேட்க வேண்டும்.

400-ம் 422-ம் உங்கள் தரவின் பிழை, எத்தனை முறை அனுப்பினாலும் அதே பதில்தான். 401 டோக்கன் பிழை அல்லது காலாவதி, 403 டோக்கன் சரி ஆனால் அந்தத் தோட்டத்துக்கு எழுத உரிமை இல்லை. 409 வந்தால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் அதே பதிவு முன்பே இருக்கிறது என்று பொருள், இருப்பதை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றாக இருந்தால் ஏற்றதாகக் குறித்துக்கொள்ளலாம். 429 வேகமாக அனுப்புகிறீர்கள்.

502, 503, 504 நடுவில் எங்கேயோ சிக்கல். இவற்றில் 504 கொஞ்சம் வஞ்சகம்: முன்னால் நிற்கும் சர்வர் காத்திருந்து அலுத்துவிட்டது, பின்னால் இருப்பது அதற்குள் பதிவைப் போட்டிருக்கவும் கூடும்.

8. நேர வரம்பும் மறு முயற்சியும்

கடைக்காரரிடம் ஃபோனில் ஒரு மூட்டை அரிசி சொல்லும்போது லைன் அறுந்தால், அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. மறுபடி கூப்பிட்டுச் சொன்னால் இரண்டு மூட்டை வரலாம், சொல்லாவிட்டால் ஒன்றும் வராமல் போகலாம். நேர வரம்பு தாண்டுவது இதேதான். அது தோல்வி அல்ல, "தெரியாது". புதியவர்கள் அதைத் தோல்வி என்று எழுதி, மறுபடி போஸ்ட் செய்து, ஒருவருக்கு ஒரே நாளில் 192 குலை ஏற்றிவிடுவார்கள்.

முறைகளின் குணம் இங்கேதான் முக்கியம். எச்டிடிபி விதிப்படி புட்டை எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான், போஸ்ட்டுக்கு அந்த உறுதி கிடையாது. அடையாளத்தை முகவரியில் வைத்துப் புட் செய்ய சர்வர் அனுமதித்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் போஸ்ட்டோடு ஐடெம்பொடென்சி-கீ. அதுவும் இல்லையென்றால், மறுபடி அனுப்பும் முன் அந்த அடையாளம் இருக்கிறதா என்று கெட் செய்து கேட்டுவிட்டு அனுப்புங்கள். மெதுவான வழிதான், ஆனால் இரட்டைக் கூலியைவிடத் தேவலை.

நான் அதிகம் பார்க்கும் பிழை: சாவியை (ஐடெம்பொடென்சி-கீயில் போகும் அடையாளத்தை) உருவாக்கும் நிரல் வரி மறு முயற்சிச் சுழலுக்கு உள்ளே இருக்கும். ஒவ்வொரு முயற்சிக்கும் புதுச் சாவி, சர்வரின் பார்வையில் ஒவ்வொன்றும் புதுப் பதிவு. சாவி போட்டதன் நோக்கமே போச்சு. அதனால்தான் வரியோடு சேமித்து வையுங்கள் என்று இரண்டாம் படியில் சொன்னது. நிரல் நடுவில் நின்று மறுநாள் ஓடினாலும் அதே சாவிதான் போக வேண்டும்.

பைத்தானின் ரிக்குவெஸ்ட்ஸ் நூலகத்தில் நேர வரம்பு நீங்கள் சொல்லாவிட்டால் கிடையாது, லைன் அறுந்தால் நிரல் அப்படியே உட்கார்ந்திருக்கும், காலையில் வந்து பார்த்தால் இரவு அனுப்ப வேண்டியது எதுவும் போயிருக்காது. இணைப்புக்கு 10 வினாடி, பதிலுக்கு 30 வினாடி என்று இரண்டையும் தனித்தனியே கொடுங்கள். இணைப்பே கிடைக்காமல் வரம்பு தாண்டினால் உடல் போகவே இல்லை என்று தெரியும், தைரியமாக மறுபடி அனுப்பலாம். பதிலுக்குக் காத்திருக்கும்போது தாண்டினால்தான் "தெரியாது".

மறு முயற்சிக்கு இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போங்கள்: 2 வினாடி, 4, 8, 16, கொஞ்சம் தற்செயல் வினாடியும் சேர்த்து. பல தோட்டங்களும் ஒரே நேரத்தில் அனுப்பி, சர்வர் திணறி, எல்லாம் ஒரே நொடியில் மறுபடி மோதினால் அது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. 429-லோ 503-லோ ரீட்ரை-ஆஃப்டர் ஹெடர் வந்தால் உங்கள் கணக்கை விட்டுவிட்டு அது சொல்வதைக் கேளுங்கள். 400, 401, 403, 422 ஆகியவற்றுக்கு மறு முயற்சியே கூடாது.

9. கட்டாக அனுப்புவது

ஒரு வரி ஒழுங்காகப் போய், அதே வரியை மறுபடி அனுப்பியும் சர்வரில் ஒன்றே இருப்பதைப் பார்த்த பிறகு நிரலுக்கு வாருங்கள். அந்த இரண்டாம் சோதனையை யாரும் செய்வதில்லை. அதைச் செய்யாமல் மேலே போகாதீர்கள்.

தோட்டக் கணினியில் ஓர் எஸ்க்யூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் சிறு தரவுத்தளம்) அட்டவணை வையுங்கள். வரி, அதன் அடையாளம், நிலை, கடைசிப் பதில். நிலை நான்கு: காத்திருக்கிறது, போய்க்கொண்டிருக்கிறது, ஏற்றது, மறுத்தது. அனுப்பும் முன்பே "போய்க்கொண்டிருக்கிறது" என்று எழுதிவிட வேண்டும், அனுப்பிய பின் அல்ல. நடுவில் மின்சாரம் போனால், எந்த வரிகள் "தெரியாது" நிலையில் இருக்கின்றன என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

ரிக்குவெஸ்ட்ஸில் உடலை ஜேசான் என்ற பெயரில் கொடுங்கள். டேட்டா என்ற பெயரில் அகராதியைக் கொடுத்தால் அது படிவமாகப் போகும், கர்லில் பார்த்த அதே கதை.

சர்வர் ஒரே கோரிக்கையில் பல வரி ஏற்குமானால் 100 வரி போல் சேர்த்து அனுப்பலாம், மெதுவான லைனில் பெரிய கட்டு பாதியில் அறும், அளவு மீறினால் 413 வரும். ஆனால் முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 100-இல் ஒன்று தப்பானால் மற்ற 99 ஏறுமா, மொத்தமும் திரும்புமா? ஏறும் என்றால் பதிலில் வரி வரியாக நிலை வரும், அதை வரி வரியாகத்தான் அட்டவணையில் எழுத வேண்டும். மொத்தமும் திரும்பும் என்றால் மறுத்த வரியைத் தனியே ஒதுக்கிவிட்டு மிச்சத்தை அனுப்ப நிரலுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ஒருவருடைய பெயர்ப் பிழைக்காக ஒரு தோட்டமே நிற்கும்.

மறுத்த வரிகளைக் கிராணி பார்க்கும்படி, அவருக்குப் புரியும் தமிழிலோ மலாயிலோ காட்டுங்கள். "422" என்று காட்டினால் அவர் என்ன செய்வார், உங்களுக்கு ஃபோன் போடுவார்.

10. கணக்குப் பார்ப்பது

போனது போய்விட்டது என்று விடாமல், நாள் முடிவில் சர்வரிடம் அந்தத் தோட்டத்தின் அன்றைய வரி எண்ணிக்கையையும் குலை மொத்தத்தையும் கேட்டு, உங்கள் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை மட்டும் போதாது. ஒன்று விட்டுப்போய் இன்னொன்று இரட்டித்தாலும் எண்ணிக்கை ஒத்துத்தான் வரும், மொத்தம்தான் காட்டிக்கொடுக்கும்.

மாதக் கடைசி வரை ஒப்பிடாமல் வைத்திருக்கக் கூடாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி மாதச் சம்பளம் மாதம் முடிந்து 7 நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும், ஊழியர் சேமநிதிச் சந்தா 15-ஆம் தேதிக்குள் போக வேண்டும். முப்பது நாள் கோளாறை அந்த ஏழு நாளில் பெரட்டுப் புத்தகத்தோடு வைத்துச் சரிபார்ப்பது, சம்பளப் பட்டியலும் போட வேண்டிய கிராணிக்குத் தண்டனை.

திருத்தம் வந்தால், தண்டல் 96 என்று குறித்தது 69 என்று தெரிந்தால், அதே அடையாளத்தோடு புட் செய்யுங்கள். புது அடையாளத்தில் கழித்தல் வரி போட்டுச் சரிக்கட்டாதீர்கள், நாள் மொத்தம் சரியாகும், ஆனால் அந்த ஆளின் வரியைத் திறந்து பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. போஸ்ட் மட்டும்தான் உண்டு, புட் இல்லை என்ற சர்வரானால் திருத்தத்துக்கு எந்த முகவரி என்று முதல் படியிலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். ஐடெம்பொடென்சி-கீ பழையதாக இருக்க, உடல் மட்டும் மாறிப் போனால் சில சர்வர்கள் பிழை என்று சொல்லும், சில பழைய பதிலையே திருப்பித் தந்துவிட்டுத் திருத்தத்தைக் கண்டுகொள்ளாமல் விடும். அதையும் சோதனை முகவரியில் 96-ஐ 69 ஆக்கி ஒருமுறை அனுப்பி, பிறகு கெட் செய்து எந்த எண் திரும்பி வருகிறது என்று பார்த்துவிட்டே லைவ் டோக்கனைக் கேளுங்கள்.